அத்தியாயம் 6: இன்ஜின் ஜாம் ஆன டிராக்டரை விலை பேசுவது எப்படி?

ஓடுகிற பழைய டிராக்டரைச் சோதிப்பது சுலபம். ஸ்டார்ட் செய்து புகையைப் பார்த்து, கலப்பையை மாட்டித் தூக்கவிட்டு, நாலு சால் ஓட்டினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். இந்த அத்தியாயம் ஓடாத டிராக்டரைப் பற்றியது. செல்ஃப் அடித்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. இன்ஜின் பிடித்துக்கொண்டதா, வேறு கோளாறா என்று விற்பவருக்கும் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்லமாட்டார்.

பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியைச் சுற்றி இப்படி நிற்கும் வண்டிகளுக்குக் குறைவில்லை. 1978-ல் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் இந்த நகரத்தைத் தொடங்கியபோது சுற்றிலும் ராகிக் காடு. பின்னர் ஹெப்பகோடி, சந்தாபுரா, ஆனேக்கல், சர்ஜாபுரா என்று நிலம் மனையாக மாற மாற, உழுத டிராக்டர்கள் வீட்டுப் பக்கத்துக் கொட்டகையிலும் புளியமரத்தடியிலும் நின்றுவிட்டன. வாங்க வருபவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, சனி ஞாயிறில் எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் வாங்கிப் போட்ட இரண்டு மூன்று ஏக்கருக்குப் போகிறவர்கள் அவர்கள். விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கக் கர்நாடகத்தில் இருந்த தடை 2020 சட்டத் திருத்தத்தோடு நீங்கியபின், ஆனேக்கல், கனகபுரா பக்கமும் இவர்கள் கூட்டம் அதிகம்.

முதலிலேயே ஒரு விதியைச் சொல்லிவிடுகிறோம். இன்ஜின் முழுக்கப் போய்விட்டது என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். இன்ஜின் தவிர மற்றதெல்லாம், முக்கியமாகக் காகிதங்கள், சரியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். இனி வரும் சோதனைகள் எல்லாம் இந்த விதிக்குள் எவ்வளவு குறைக்கலாம், எப்போது எழுந்து வரலாம் என்பதைச் சொல்பவை.

தேவைதானா?

இரண்டு ஏக்கருக்கு வருடத்தில் சில நாள் உழவுதான் வேலை என்றால் வாடகை வண்டி போதும். கர்நாடகத்தில் ‘கிருஷி யந்திர தாரே’ மையங்களிலும், தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையிலும் டிராக்டர் மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது. இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புது டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டியும் அதற்கேற்ப இறங்க வேண்டும். பழைய விலையையே பிடித்துக்கொண்டு பேசுகிறவரிடம் இதைச் சொல்லலாம்.

சொந்த வண்டிதான் வேண்டும், ரிப்பேர் வேலையில் ஆசை இருக்கிறது, அவசரமும் இல்லை என்பவர்கள் மேலே படியுங்கள்.

எந்த வண்டி?

ஜாம் ஆன இன்ஜினை எழுப்புவதில் பெரிய செலவு உதிரி பாகம். ஆகவே பாகம் கிடைக்கிற வண்டியையே தேடுங்கள்.

மாஸி ஃபெர்குசன் 1035 தெற்கில் எங்கும் ஓடுகிற வண்டி. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே தயாரித்தது, உள்ளே இருப்பது சிம்சன் இன்ஜின். இதற்கு லைனர், பிஸ்டன், கேஸ்கெட் கேட்டால் ஓசூரிலேயே கிடைக்கும். பிரித்துப் பழகிய மெக்கானிக் ஊருக்கு ஒருவர் இருப்பார். மஹிந்திரா பி-275, 265, 575 வகைகளுக்கும், ஸ்வராஜ் 735-க்கும் இதே சௌகரியம் உண்டு.

எச்.எம்.டி. வண்டிகள் வேறு கதை. நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூர்தான், ஆனால் டிராக்டரைச் செக்கோஸ்லோவாகியாவின் ஜெட்டர் தொழில்நுட்பத்தில் ஹரியானாவின் பிஞ்சோரில் 1971 முதல் தயாரித்தார்கள். 2016-ல் டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. 2511, 3511 ரகங்கள் உறுதியான இரும்பு. சந்தையில் விலையும் குறைவு. ஆனால் ஏதாவது ஒரு பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். பொறுமை உள்ளவருக்கு ஏற்ற வண்டி.

மாந்தோப்பு, ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர்கள் வி.எஸ்.டி. சக்தி எம்.டி. 180 டி போன்ற சின்ன வண்டியைப் பார்க்கலாம். பெங்களூர் நிறுவனம், மிட்சுபிஷி வழி வந்த மூன்று சிலிண்டர் இன்ஜின். வரிசைகளுக்கு நடுவில் நுழையும். சின்ன இன்ஜின் என்பதால் ரிப்பேர் மலிவு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

காகிதம் முதலில், ஸ்பேனர் பிறகு

வண்டியைத் தொடும் முன் ஆர்.சி. புத்தகத்தைக் கேளுங்கள். எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டு, பதிவு செல்லுபடியாகும் தேதி, கடன் விவரம், உரிமையாளர் பெயரின் எழுத்துகள் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். பிறகு இவற்றைப் பாருங்கள்.

1. யார் பெயரில் இருக்கிறது? “அப்பா பேர்ல இருக்கு சார், அவர் தவறிட்டார்” என்ற பதில் இந்தப் பகுதியில் அடிக்கடி வரும். அப்படியானால் வாரிசுகள் முதலில் படிவம் 31 கொடுத்துத் தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தால் மூவரின் சம்மதமும் வேண்டும். அதை முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

2. கடன் இருக்கிறதா? வங்கிக் கடனில் வாங்கிய டிராக்டர் என்றால் ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன் பதிவாகியிருக்கும். கடனைக் கட்டி முடித்த பிறகும் அதை நீக்காமல் விட்டவர்கள் ஏராளம். வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வந்தால்தான் அது நீங்கும்.

3. 15 வருடம் தாண்டிவிட்டதா? விவசாய டிராக்டர் சட்டப்படி போக்குவரத்து வாகனம் அல்லாத வகையைச் சேர்ந்தது. முதல் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். ஓடாத வண்டியை எப்படிக் காட்டுவது? பதிவு காலாவதியானால் பெயர் மாற்றமும் சிக்கிக்கொள்ளும். இப்படிப்பட்ட வண்டிக்கு, இன்ஜின் வேலை முடிந்து ஆய்வு தேறும்வரை ஒரு பகுதித் தொகையை நிறுத்தி வைப்பதாக எழுதிக்கொள்ளுங்கள்.

4. எந்த மாநிலப் பதிவு? எலெக்ட்ரானிக் சிட்டி ஆர்.டி.ஓ. எண் கே.ஏ. 51. அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர், அது டி.என். 70. கர்நாடக வண்டியை வாங்கி ஓசூர்ப் பக்கத்து நிலத்தில் நிரந்தரமாக வைக்கப்போகிறீர்கள் என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கி அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் படிவம் 29, 30 போதும். விற்பவர் 14 நாளுக்குள்ளும் (வேறு மாநிலம் என்றால் 45 நாள்) வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும்.

5. எண்கள் பொருந்துகின்றனவா? சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் துணியால் துடைத்து, சாக்குக்கட்டி தேய்த்துப் படித்து, போட்டோ எடுங்கள். இன்ஜின் எண் மட்டும் மாறியிருந்தால் பிளாக்கை எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். அது ஆர்.சி.யில் ஏறவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம். டிரெய்லர் சேர்ந்து வருகிறது என்றால் அதற்குத் தனிப் பதிவு, தனி எண். அதையும் கேளுங்கள்.

எதனால் பிடித்தது?

“ஓடிட்டுதான் சார் இருந்துச்சு. பேட்டரி வீக். மாத்துனா கிளம்பிடும்.” பத்துக்கு ஒன்பது பேர் சொல்வது இது. வாதாட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அண்ணா, கடைசியா ஓட்டுன அன்னைக்கு என்ன வேலை செஞ்சீங்க, எப்படி நிறுத்துனீங்க?”

“மழைக்கு முன்னாடி ராகிக்கு உழுதுட்டு ஓட்டிட்டு வந்து இங்கதான் விட்டோம்” என்றால் அது நின்று பிடித்த வண்டி. “உழவு நடுவுல சூடாச்சு, அப்புறம் நின்னுபோச்சு” என்றால் ஓடிப் பிடித்த வண்டி. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

துரு. நின்று பிடித்தவற்றில் இதுவே அதிகம். பழைய டிராக்டர்களின் சைலன்சர் மேல் நோக்கி நிற்கும். வாயில் தகர மூடியோ கவிழ்த்த டப்பாவோ இல்லை என்றால் கோடை மழையும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பெய்யும் மழையும் நேராக உள்ளே இறங்கும். இன்ஜின் நின்ற நிலையில் எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கிறதோ அதற்குள் தண்ணீர் போய், ரிங்கும் லைனரும் துருவால் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு சிலிண்டர்தான். மற்றவை நன்றாக இருக்கும்.

தண்ணீர்ப் பூட்டு. ஹெட் கேஸ்கெட் போய் ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் தேங்கினால் பிஸ்டன் மேலே ஏற முடியாது, ஏனென்றால் தண்ணீர் அமுங்காது. இன்ஜெக்டரைக் கழற்றினால் தண்ணீர் வெளியேறி இன்ஜின் சுற்றும். ஆனால் இந்த நிலையில் யாராவது இழுத்து ஸ்டார்ட் செய்யப் பார்த்திருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கும்.

சூடு. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டி, அலுமினிய பிஸ்டன் விரிந்து லைனரில் உரசி ஒட்டிக்கொள்வது. ஆறிய பிறகு சில வண்டிகளில் சுற்றும், ஆனால் லைனர் கீறிப்போயிருக்கும். ஹெட் வளைந்திருக்கவும் கூடும்.

ஆயில் இல்லாமை. பேரிங் உருகி கிராங்க்கோடு ஒட்டிக்கொள்வது. செலவு மிக அதிகமான வகை. நிற்பதற்கு முன் ‘டங் டங்’ என்று உள்ளிருந்து தட்டல் கேட்டிருக்கும். அக்கம்பக்கத்தாரைக் கேட்டால் சொல்வார்கள்.

உடைசல். ராட் முறிந்து பிளாக்கைத் துளைத்தால் பேச ஒன்றுமில்லை. பிளாக்கின் இரு பக்கமும் டார்ச் அடித்து ஓட்டை, வெல்டிங் தடம், எம்-சீல் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். குளிரில் தண்ணீர் உறைந்து பிளாக் வெடிப்பதைப் பற்றி வெளிநாட்டுப் புத்தகங்கள் நிறையச் சொல்லும். நமக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே பிளாக்கில் வெடிப்பு என்றால் கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பொய் ஜாம். இன்ஜினில் ஒன்றுமே இல்லாமல் ஜாம் போலத் தெரிவதும் உண்டு. செல்ஃப் மோட்டார் பல் ஃப்ளைவீலில் சிக்கியிருக்கலாம், டைனமோவோ தண்ணீர் பம்போ பிடித்திருக்கலாம், கியர் விழுந்து நிற்கலாம், பி.டி.ஓ. லீவர் போட்டபடி இருக்கலாம். விலையைக் குறைத்து வாங்க உங்களுக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு இதுதான்.

பட்டறைக்குப் போகாமல் செய்யும் சோதனை

கொண்டுபோக வேண்டியவை: சாக்கெட் செட், நீளமான கைப்பிடி, டார்ச், வெள்ளைத் துணி, காலி கண்ணாடிப் பாட்டில், செல்போனில் மாட்டும் மெல்லிய கேமரா வயர், நல்ல 12 வோல்ட் பேட்டரி. கூடவே அந்த ரக வண்டியில் கை பழகிய மெக்கானிக் ஒருவர். அவருக்கு அன்றைய கூலியை நீங்களே கொடுங்கள். விற்பவர் ஏற்பாடு செய்யும் மெக்கானிக் வேண்டாம்.

முதல் படி, ஆயில். டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கருப்பாக, நல்லபடி தெரிந்தாலும் நம்பிவிடாதீர்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் தண்ணீர் ஆயிலுக்கு அடியில் தனியாகத் தங்கியிருக்கும். டிப்ஸ்டிக் அதைத் தொடாது. விற்பவரின் சம்மதம் வாங்கிக்கொண்டு, வண்டிக்கு அடியில் படுத்து, சம்ப்பின் டிரெய்ன் நட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மூன்று புரி மட்டும் தளர்த்துங்கள். பாட்டிலைப் பிடியுங்கள். முதலில் கசிவது என்ன என்று பாருங்கள். ஆயிலைவிட தண்ணீர் கனம் என்பதால் தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். துருச் சிவப்போடு வந்தால் மழைத் தண்ணீர் என்றும், பச்சைச் சாயம் தெரிந்தால் ரேடியேட்டர் கூலன்ட் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அரை டம்ளர் வந்ததும் நட்டை இறுக்கிவிட்டு, வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு ஆயிலை வைத்துத் தேயுங்கள். மினுமினுவென்று உலோகத் துகள் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. மேலே சோதிக்க அவசியமில்லை, கிராங்க் வேலையைச் சேர்த்தே விலை பேசுங்கள்.

இரண்டாவது, சைலன்சர், ஏர் கிளீனர், ரேடியேட்டர். சைலன்சர் வாயில் டார்ச் அடித்தால் தண்ணீர்த் தடமோ எலிக்கூடோ தெரியும். ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஆயிலுக்குப் பதில் சேறு என்றால் அந்த இன்ஜின் புழுதியைக் குடித்தே வளர்ந்தது. ரேடியேட்டர் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் மேல் சந்தேகம்.

மூன்றாவது, டாப்பெட் கவர். இரண்டு மூன்று நட்டில் கழன்றுவிடும். உள்ளே ராக்கர்கள் ஆயில் பூசிக் கருப்பாக இருந்தால் நல்லது. துரு பூத்திருந்தால் தண்ணீர் மேல் வரை வந்திருக்கிறது. புஷ்ராடு வளைந்திருந்தால் வால்வு சிக்கியிருக்கிறது, அதோடு யாரோ பலவந்தமாகச் சுற்றவும் பார்த்திருக்கிறார்கள்.

நான்காவது, கையால் சுற்றுவது. கியரை நியூட்ரலில் வைத்து, பி.டி.ஓ.வை எடுத்துவிடுங்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள். செல்ஃப் மோட்டாரையும் கழற்றி வையுங்கள். ஃப்ளைவீல் பல் தேய்ந்திருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். டீசல் இன்ஜின் காற்றை 16, 18 மடங்கு அழுத்தும் என்பதால் நல்ல இன்ஜினே கைக்குக் கனமாக இருக்கும். எனவே இன்ஜெக்டர்களைக் கழற்றிவிடுவது நல்லது. இப்போது கிராங்க் புல்லி நட்டில் சாக்கெட் மாட்டி, முதலில் நட்டை இறுக்கும் திசையில், நிதானமாக அழுத்துங்கள். குழாய் சொருகி நீட்டி ஏறி நிற்க வேண்டாம். நட்டு முறிந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

கையில் தெரிவதை இப்படிப் படியுங்கள்:

– லேசாகச் சுற்றுகிறது: ஜாம் இல்லை. பேட்டரி, செல்ஃப், டீசல் பம்ப் பக்கம் கோளாறு. விற்பவர் முன்னால் சிரிக்க வேண்டாம்.

– பெல்ட்டையும் செல்ஃபையும் கழற்றிய பிறகு சுற்றுகிறது: பொய் ஜாம்.

– இன்ஜெக்டரைக் கழற்றிய பிறகு சுற்றுகிறது, துவாரத்தில் தண்ணீர் பீய்ச்சுகிறது: தண்ணீர்ப் பூட்டு. கேஸ்கெட், ஹெட் வேலை நிச்சயம். ராட் வளைந்திருக்கிறதா என்பது பிரித்தால்தான் தெரியும்.

– கொஞ்ச தூரம் தடையில்லாமல் போய், இரண்டு திசையிலும் ஒரே இடத்தில் ‘டங்’ என்று முட்டுகிறது: வால்வோ உடைந்த துண்டோ உள்ளே நிற்கிறது.

– இம்மியும் அசையவில்லை: துரு, சூட்டில் ஒட்டிய பிஸ்டன் அல்லது உருகிய பேரிங். எது என்று சொல்வது கேமராதான்.

ஐந்தாவது, கேமரா. இன்ஜெக்டர் துவாரம் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விடுங்கள். லைனர் சுவரில் செம்பழுப்பு வளையம் தெரிந்தால் துரு. மேலிருந்து கீழாக வெள்ளி நிறக் கீறல்கள் என்றால் சூட்டில் உரசியது. எல்லா சிலிண்டர் சுவரும் பளபளவென்று சுத்தமாக இருந்தும் இன்ஜின் அசையவில்லை என்றால் கீழே கிராங்க் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. டாப் கியரில் போட்டு இன்னொரு டிராக்டரால் இழுத்துச் சுற்றவிடும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. “ரெண்டு இழு இழுத்தா விட்டுடும்” என்பார்கள். தண்ணீர்ப் பூட்டு இருந்தால் ராட் வளையும், துரு இருந்தால் ரிங் உடைந்து லைனரைக் கிழிக்கும். நீங்கள் வருவதற்கு முன்பே இதைச் செய்து பார்த்துவிட்டார்களா என்றும் கேட்டு வையுங்கள்.

இன்ஜின் தவிர்த்து

இன்ஜின் ஓடாததால் ஹைட்ராலிக்கைச் சோதிக்க வழியில்லை. லிஃப்ட் தூக்குமா என்பது தெரியாத செலவுதான். தெரிந்துகொள்ளக் கூடியவை: பின் ஆயிலின் நிறம், கியர்கள் ஒவ்வொன்றாக விழுகின்றனவா, ஜாக்கி போட்டுக் கட்டை வைத்துப் பின்சக்கரத்தைச் சுற்றினால் கரகரப்பு வருகிறதா, ஸ்டியரிங் ஆட்டம், முன் ஆக்சில் புஷ். கிளட்ச் தகடு நெடுநாள் நின்றதில் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கலாம். அது சின்ன வேலை என்றாலும் வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கலாம்.

டயரைக் கவனியுங்கள். 12.4-28, 13.6-28 அளவுப் பின்டயர் ஜோடியின் விலை சில சமயம் நீங்கள் வண்டிக்குக் கொடுக்கும் தொகையின் பெரும்பகுதியை எட்டிவிடும். பட்டன் உயரமாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு ஓடியிருந்தால் அந்த டயர் இரண்டு பருவம் தாங்காது.

டீசல் பம்பைத் தனியாகப் பாருங்கள். பெங்களூர் ஆடுகோடியில் 1950-களிலிருந்து இயங்கிவந்த, பம்பு தயாரித்த மைக்கோ, 2008-ல் பாஷ் ஆகிவிட்டது. பட்டறைகளில் இன்றும் அது ‘மைக்கோ பம்ப்’தான். பம்பு வண்டியிலேயே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். நின்ற வண்டியிலிருந்து முதலில் கழன்றுபோவது பேட்டரி, அடுத்து டைனமோ, மூன்றாவது பம்பு.

விலைக் கணக்கு

அதே ரகம், அதே வருடம், ஓடுகிற வண்டி சுற்றுவட்டாரத்தில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று இரண்டு புரோக்கர்களிடமும் ஒரு மெக்கானிக்கிடமும் விசாரியுங்கள். அதிலிருந்து இன்ஜின் முழு வேலைக்கான செலவைக் கழியுங்கள்: லைனர் பிஸ்டன் கிட், பேரிங், கேஸ்கெட் செட், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை, பம்ப் காலிபிரேஷன், கூலி. டயர், பேட்டரி, ஏற்றுக்கூலி, ஆர்.டி.ஓ. செலவைக் கழியுங்கள். ரிப்பேர் தொகையில் (இன்ஜின் வேலை, டயர், பேட்டரி சேர்ந்தது) கால்பங்கைத் தெரியாத செலவுக்கென்று இன்னொரு முறை கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் நீங்கள் கொடுக்கலாம் என்கிற உச்ச விலை.

உதாரணத்துக்கு மட்டும் ஒரு கணக்கு: ஓடுகிற வண்டி 2,50,000 ரூபாய். இன்ஜின் வேலை 90,000, டயரும் பேட்டரியும் 50,000, ஏற்றுக்கூலியும் காகிதமும் 15,000, தெரியாத செலவு 35,000. மொத்தம் 1,90,000 கழிந்தால் மிச்சம் 60,000. விற்பவர் ஒரு லட்சம் கேட்டால் அந்த 40,000 உங்கள் ஆசைக்கு நீங்கள் கொடுக்கும் விலை. கொடுப்பதானால் தெரிந்தே கொடுங்கள்.

துரு என்று கேமரா காட்டி, ஒரு சிலிண்டர்தான் என்றும் உறுதியானால் இன்ஜின் செலவைக் கொஞ்சம் குறைத்துப் போடலாம். கிராங்க் என்றால் குறைக்கவே கூடாது. கிராங்க்கை ஒவ்வொரு முறை கிரைண்டிங் செய்யும்போதும் பத்து, இருபது, முப்பது என்று பேரிங் சைஸ் ஏறும். ஏற்கெனவே முப்பதில் இருக்கிற கிராங்க்கை இன்னொரு முறை தேய்க்க முடியாமல் போகலாம். அப்போது புதுசுதான் வாங்க வேண்டும்.

கீழ் எல்லையும் ஒன்று உண்டு. பழைய இரும்புக்காரர் எடைக்கு என்ன தருவார் என்பதை விற்பவர் கேட்டு வைத்திருப்பார். அதற்குக் கீழே அவர் இறங்கமாட்டார்.

ஏற்றி வருவதும் எழுப்புவதும்

சின்ன வண்டியைத் தவிர மற்றவை இரண்டு டன் அளவில் எடை கொண்டவை. பின்டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் நூறு லிட்டருக்கு மேல் ஒவ்வொன்றிலும் கூடும். ஏற்றும் முன் அதை வடித்துவிடுங்கள். கயிறு கட்டி ஓசூர் ரோட்டில் இழுத்து வரும் வேலை வேண்டாம். பொம்மசந்திரா, அத்திப்பள்ளிப் பக்கம் வாடகைக்குக் கிடைக்கும் செல்ஃப் லோடர் லாரியைப் பேசுங்கள். ஏற்றும்போது ஆர்.சி., கையெழுத்திட்ட படிவங்கள், முத்திரைத் தாளில் எழுதிய விற்பனை ஒப்பந்தம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். மாநில எல்லையில் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

துருப் பிடித்த இன்ஜினுக்குப் பொறுமையே மருந்து. இன்ஜெக்டர் துவாரம் வழியாக டீசலும் கியர் ஆயிலும் கலந்தோ, துரு தளர்த்தும் எண்ணெயையோ ஊற்றி, நாள்தோறும் கொஞ்சம் சேர்த்து, புல்லி நட்டில் இரு திசையிலும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகலாம். விடவில்லை என்றால் ஹெட்டைத் திறங்கள். பிஸ்டன் தலையில் சுத்தியலால் நேராக அடிக்காதீர்கள். கட்டை வைத்துத் தட்ட வேண்டும். வெட் லைனர் இன்ஜின் என்றால் லைனரும் பிஸ்டனும் ஒன்றாகவே வெளியே வரும்.

இன்ஜின் விட்டுக்கொடுத்ததும் ஸ்டார்ட் செய்யத் துடிக்கும் கையைக் கட்டுங்கள். ஊற்றிய எண்ணெய் எல்லாம் சம்ப்பில் இறங்கியிருக்கும், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். டேங்க்கில் கிடக்கும் பழைய டீசலை வடியுங்கள். நின்ற வண்டியில் பம்பின் ராக் முழு டீசல் நிலையில் சிக்கியிருக்கலாம். அப்படியே ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறி, சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ஆகவே முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிவிட்டு, காற்று உறிஞ்சும் வாயை மூடுகிற அளவில் ஒரு பலகையுடன் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கையால் மூட முயலக் கூடாது.

எழுந்து வர வேண்டிய இடங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

1. ஆர்.சி. இல்லை, அல்லது “தொலைஞ்சுபோச்சு, அப்புறம் எடுத்துத் தர்றேன்” என்கிறார்.
2. இன்ஜின் எண்ணோ சேசிஸ் எண்ணோ ராவப்பட்டிருக்கிறது.
3. பிளாக்கில் ஓட்டை அல்லது வெல்டிங் இருக்கிறது.
4. டிரெய்ன் நட்டையோ டாப்பெட் கவரையோ தொட விடமாட்டேன் என்கிறார்.
5. “இன்னைக்கு அட்வான்ஸ் குடுக்கலன்னா நாளைக்கு வேற ஆள் வருது” என்கிறார்.

ஐந்தாவதில்தான் படித்தவர்கள் அதிகம் விழுகிறார்கள். வருடக்கணக்கில் புளியமரத்தடியில் நின்ற வண்டி அடுத்த சனிக்கிழமையும் அங்கேயேதான் நிற்கும். மெக்கானிக்கோடு போய்ப் பாருங்கள். கணக்கைத் தாளில் போடுங்கள். அதற்குப் பிறகே பணத்தை எடுங்கள். இன்ஜினை எந்தப் பட்டறையிலும் பிரித்துக் கோத்துவிடலாம், ஆர்.சி.யைக் கோத்துக் கொடுக்க எந்த மெக்கானிக்காலும் முடியாது.